ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் செவ்வாய்க்கிழமை வாளியும்

ஆதம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக் கார் நிறுத்துமிடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறு காலை வகுப்பு எடுத்து வருகிறேன். மக்கும் குப்பை, மழைநீர், மாடித் தோட்டம், ஏரிக்கரை நடை என்று பாடங்கள். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்தான். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பக்கத்துத் தெருக்களில் இதேபோல வகுப்பு தொடங்கப் போவதாக ஐந்து பேர் வந்தீர்கள். "என்ன பாடம் நடத்தணும் டீச்சர்?" என்று கேட்டீர்கள். பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் பட்ட அடிகளை மட்டும் எழுதித் தருகிறேன். நினைவுக்கு வந்த வரிசையில் எண் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

1. முதல் வகுப்பில் உலகத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

நான் பேசினேன். ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, உருகும் பனிமலை, மெலிந்த பனிக்கரடி, கடல்மட்ட வரைபடம் எல்லாம் காட்டினேன். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள், கைதட்டினார்கள், காபி குடித்தார்கள். அடுத்த வாரம் ஆறு பேர். அந்த ஆறில் இருவர் என் உறவினர்.

இரண்டாவது அணிக்கு வேறு மாதிரி தொடங்கினேன். பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு தராசைக் கடன் வாங்கி வந்து, நான்கு வீட்டுக் குப்பைத் தொட்டிகளைச் செய்தித்தாள் விரித்துக் கொட்டினோம். முகத்தைச் சுளித்தார்கள், மூக்கைப் பொத்தினார்கள், ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. காய்கறித் தோல், காபித் தூள் சக்கை, முருங்கைக் காம்பு, பழைய சோறு இவை மட்டும் எடையில் பாதிக்கு மேல் வந்தன. "இதுக்காகவா தினமும் ஒரு வண்டி வருது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வகுப்பு அங்கேதான் தொடங்கியது. தன் வீட்டுக் குப்பையைப் பற்றி ஒருவருக்குத் தெரியாத செய்தி நிறைய இருக்கிறது. முதல் நாள் அதைச் சொல்லுங்கள், போதும்.

2. செவ்வாய்க்கிழமை அந்த வாளியை யார் தூக்குவார் என்று கேளுங்கள்.

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உற்சாகம் எல்லோருக்கும் வரும். வேலை இருப்பது செவ்வாய்க்கிழமை. சமையலறையில் பால் பொங்குகிறது, பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டது, அந்த நேரத்தில் தோலைத் தனியாகப் போட்டு, பால் கவரைக் கழுவிக் கொடியில் உலர்த்தி, அரிசி கழுவிய நீரைச் செடிக்கு எடுத்துப் போகிற கை யாருடையது? என் மூன்றாவது அணியில் ஒரு வங்கி அதிகாரி இருந்தார். குறிப்பேடு, கேள்வி, முதல் வரிசை எல்லாம் அவர்தான். ஒரு நாள் அவருடைய மனைவி வகுப்பு முடிகிற நேரத்தில் வந்து நின்றார். "இவர் இங்க கத்துக்கிட்டு வந்து எனக்கு வேலை சொல்றார் டீச்சர். நான் எப்ப ரிட்டையர் ஆகிறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு வீடு திரும்பும் வரை அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. இரண்டு ஆண்டுகள் நான் நடத்தியது பெண்களின் தலையில் இன்னொரு குடத்தை ஏற்றுகிற வகுப்பு.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். பெயர் கொடுப்பவரே செய்ய வேண்டும். மனைவியோ, மாமியாரோ, வேலைக்கு வருகிற அக்காவோ செய்வார் என்றால் அவரையே வகுப்புக்கு அனுப்பட்டும், அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் வேலையைப் பெயர் கொடுத்தவர் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் "குப்பையைப் பிரிச்சு வச்சிடு" என்று ஒரு வரியைச் சேர்ப்பவர்கள், சம்பளத்தில் ஒரு ரூபாயைச் சேர்ப்பதில்லை. இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

3. நான்கு வாரத்துக்கு ஒரே பாடம்.

ஒரே நாளில் உரம், மழைநீர், சோலார், சிறுதானியம் என்று கதம்பம் கட்டாதீர்கள். உரத்தில் தொடங்குங்கள். முதல் ஞாயிறு பானை, இரண்டாவது ஞாயிறு வாடை, மூன்றாவது புழு, நான்காவது சலிப்பது. இப்படி அந்தந்த வாரம் எழும் பிரச்சினையே அந்த வாரப் பாடம்.

செய்முறை உங்களுக்குத் தெரியும் என்றாலும் எழுதிவிடுகிறேன். இரண்டு மண்பானை, பக்கவாட்டில் துளை. அடியில் தேங்காய் நார், அதன் மேல் ஒரு கைப்பிடி பழைய உரம் அல்லது காய்ந்த சாணத் தூள். அன்றாடம் சமையல் கழிவு ஒரு பங்கு போட்டால் காய்ந்த இலை அதற்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு பங்கு. வாரம் ஒருமுறை புளித்த மோரில் தண்ணீர் கலந்து தெளிப்பது. மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறுவது. ஒன்று நிரம்பினால் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது. நம் ஊர்ச் சூட்டுக்கு நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் காப்பித் தூள் நிறத்தில், மழை பெய்த மண் வாசத்தோடு உரம் கிடைக்கும்.

வாடை அடித்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலையைக் கூட்டுங்கள். எறும்பு ஏறினால் ஈரம் போதவில்லை, மோரைக் கூட்டுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலை அளவோடு போடலாம், ஜூஸ் கடை போல மொத்தமாகக் கொட்டினால் பானை புளித்து நின்றுவிடும். எண்ணெய் மிதக்கும் குழம்பு வேண்டாம். கொட்டாங்கச்சியும் மாங்கொட்டையும் உங்கள் பேரன் காலத்தில்தான் மக்கும்.

புழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் பாதிப் பேர் இதற்காகவே பானையைத் தூக்கி எறிவார்கள். சாம்பல் வெள்ளையில், அரிசியைவிடத் தடித்து நெளிகிற அந்தப் புழு பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈ என்கிற ஈயின் குஞ்சு. வீட்டு ஈ போல அது நம் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை. வளர்ந்த ஈ பெரிதாக எதையும் தின்பதுகூட இல்லை. குப்பையைத் தின்று தீர்ப்பது அந்தப் புழுதான். மேலே இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலையைப் போட்டு மூடினால் கண்ணில் படாது. இதைப் புத்தகப் பாடமாகச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். உங்கள் பானையைத் தூக்கி வந்து, வெறும் கையை உள்ளே விட்டு எடுத்துக் காட்டுங்கள். நடுவில் இருக்கும் சூட்டையும் அவர்கள் கை உணரட்டும்.

என் முதல் பானை நாறிப்போய், மேல் வீட்டுக்காரர் நலச்சங்கத்தில் புகார் கொடுத்தார். பானையை இரவோடு இரவாக ஆட்டோவில் ஏற்றித் தங்கை வீட்டுத் தோட்டத்தில் புதைத்தேன். இந்தக் கதையை ஒவ்வோர் அணிக்கும் சொல்கிறேன். டீச்சரே தோற்றிருக்கிறார் என்றால்தான் அவர்கள் தங்கள் தோல்வியை வந்து சொல்வார்கள்.

4. மழைநீர் வகுப்பை மழையில் நடத்துங்கள்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இதைச் சொல்லிவிட்டு டேப்பைக் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்புங்கள். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லி மீட்டர் அளவுக்கு மழை. பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் வழிவதும் போக எண்பது சதவீதம் பிடித்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி எட்டுக்கு மேல். லாரிக்குக் காசு கொடுத்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிறகு சட்டம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஊரே குழாய் வாங்கியது. கிணறுகளில் நீர் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதிகாரி வந்து பார்ப்பதற்காக மட்டும் மாட்டிய குழாய்களும் உண்டு. எங்கள் அடுக்ககத்திலேயே ஒரு குழாய் மாடியிலிருந்து அழகாக இறங்கி, சிமெண்ட் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுபோயிருந்தது. அது எங்கே போகிறது என்று பல ஆண்டுகள் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நவம்பர் மழையில், குடையோடு பதினொரு பேர் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து போனோம். தண்ணீர் நேராகத் தெருவுக்கு ஓடி, மழைநீர் வடிகாலில் விழுந்தது. அன்றைக்கே உறை இறக்குகிற ஆளைத் தேடச் சொன்னார்கள். வெயில் நாளில் நான் பத்து முறை சொல்லியும் நடக்காதது அது.

எந்த மண்ணுக்கு எந்த முறை என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடலோர மணல் நீரைக் கடகடவென்று குடிக்கும். வேளச்சேரிப் பக்கக் களிமண்ணில் சின்னக் குழி வெட்டிக் கல் நிரப்பினால் குளம்போல் நிற்கும். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி ஆழமாக உறை இறக்க வேண்டும். ஒரே படத்தை எல்லோருக்கும் வரைந்து கொடுக்காதீர்கள். நான் இதையெல்லாம் கற்றது, மந்தைவெளியில் 2002-இல் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை தொடங்கிய ரெயின் சென்டரில். அதை நடத்திய சேகர் ராகவன், அதற்குமுன் பெசன்ட் நகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி மழைநீரைப் பற்றிப் பேசியவர். கதவைத் தட்டக் கூச்சப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

2015 டிசம்பரில் இந்த ஊரில் படகு விட்டோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தோம். இடையில் நான்கு ஆண்டுகூட இல்லை. வகுப்பில் இதற்குமேல் நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை, அவரவர் வீட்டில் அவரவர் கதை இருக்கும். பேச விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சேமித்த நீரைத் திறந்து வைத்தால் கொசு வளர்ப்புதான் நடக்கும். டெங்கு கொசுவின் முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

5. "அந்தக் காலத்தில்" என்று தொடங்கும் வாக்கியத்தை வகுப்பில் தடை செய்யுங்கள்.

என் வயதுக்காரர்கள் வந்தால் இதுதான் பெரிய இடைஞ்சல். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் இல்லை, உண்மை. அந்தக் காலத்தில் வாசலில் குப்பையைக் கூட்டிக் கொளுத்தினோம், அதுவும் உண்மை. என் அப்பா கிணற்றடியில் டி.டி.டி. பொடியைக் கோலப்பொடி மாதிரித் தூவுவார். பாட்டிகளிடம் பெருமையைக் கேட்காதீர்கள், செய்முறையைக் கேளுங்கள். பூந்திக்கொட்டையை எத்தனை ஊற வைக்க வேண்டும், பட்டுப்புடவைக்கு எவ்வளவு நீர், சாம்பலைச் சலிப்பது எப்படி, வேப்பிலை போட்ட அரிசியில் எத்தனை மாதம் வண்டு வராது. அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்தால், புலம்பல் எல்லாம் யாரும் எதுவும் கேட்காததால் வந்தது என்று புரியும்.

6. வேலை செய்யாததை வேலை செய்யாது என்று சொல்லுங்கள்.

இந்தத் துறையில் நல்லவர்கள் அதிகம், அதனாலேயே பொய்களும் அதிகம். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் வகுப்பில் ஓதாதீர்கள்.

பயோ என்சைம் எடுத்துக்கொள்வோம். வெல்லம் ஒரு பங்கு, ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். நல்ல சரக்கு. குளியலறைத் தரைக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு வாளி ஊற்றினால் ஏரி சுத்தமாகும் என்பது கதை. நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்தும் அல்ல. அது புளிப்பு, பளிங்குத் தரையில் ஊற்றினால் பளபளப்பை அரித்துவிடும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடாவிட்டால் பாட்டில் வெடிக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் வெடித்தது. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம் என்று அன்று தெரிந்தது.

பேப்பர் கப்பும் அப்படியே. காகிதம்தானே என்று நினைக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அதுவும் உண்டு. இதைச் சொல்லிவிட்டு வகுப்பில் நீங்களே பேப்பர் கப்பில் டீ கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், ஒரு ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து கேட்டுவிட்டான்.

7. கரண்ட் பில்லைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

சாதாரண மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் சுற்றினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு ஏறக்குறைய 38 யூனிட் மிச்சம். இதைப் பலகையில் எழுதினால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எந்த கம்பெனி விசிறி என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள். ஒருமுறை ஒரு விற்பனையாளர் வகுப்புக்கு பேனரும் டிபனும் தருவதாக வந்தார். பொங்கல் நன்றாகத்தான் இருந்திருக்கும். வேண்டாமென்று அனுப்பிவிட்டேன்.

8. மாடித் தோட்டத்தில் தக்காளியில் தொடங்க வேண்டாம்.

தக்காளிக்கு இலைச்சுருட்டு, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி என்று வரிசையாக விருந்தாளிகள் வருவார்கள். புதியவர் மனம் உடைந்துபோகும். தண்டுக்கீரை விதைத்தால் ஒரு மாதத்தில் குழம்பில் விழும். கையில் ஒன்று கிடைத்தபிறகு வெண்டை, கத்தரி, அவரைக்குப் போகலாம். சித்திரை வெயிலில் தொடங்காதீர்கள், ஆடியில் தொடங்குங்கள்.

எடை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெறும் செம்மண்ணை நிரப்பி நீர் ஊற்றிய நூறு லிட்டர் தொட்டி ஒன்றரைக் குவிண்டாலுக்குக் குறையாது. மண், உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு கலந்தால் பாரம் குறையும். தொட்டிகள் தளத்தின் நடுவில் வேண்டாம், கீழே பீம் ஓடுகிற ஓரத்தில் வையுங்கள். தரையில் படாமல் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது. மாடி ஒழுகினால் கீழ்வீட்டுக்காரர் சுற்றுச்சூழலுக்கே எதிரியாகிவிடுவார்.

9. தெருத் தண்ணீர் எங்கே போகிறது என்று நடந்து பாருங்கள்.

வீட்டுக்குள்ளேயே வகுப்பை முடித்துவிடுகிறார்கள். நான் ஐந்தாவது வாரம் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போவேன். ஆதம்பாக்கம் ஏரியில் தொடங்கி, வீராங்கல் ஓடையை ஒட்டி, முடிந்த வரைக்கும் நடை. ஓடை என்றால் பலருக்குச் சாக்கடைதான் நினைவு. அந்த ஓடை போய்ச் சேர்கிற இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல்.

இனி நம் குப்பை. அதன் வண்டி போய்ச் சேர்ந்த பெருங்குடிக் கிடங்கு எங்கே இருக்கிறது? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல். நம் வீட்டு மழையும் நம் வீட்டு முருங்கைக் காம்பும் வெவ்வேறு வழியில் கிளம்பி ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கிற இடம். தை மாதத்தில் ஒரு காலை அங்கே போய், சாலையோரம் நின்று பைனாகுலரில் பூநாரையையும், அதே பைனாகுலரைக் கொஞ்சம் திருப்பிக் குப்பை மேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் பானையைக் கைவிட்ட இரண்டு பேர் அன்று மாலையே மறுபடி தொடங்கினார்கள்.

ஏரி சுத்தம் செய்யப் போனால் முதலில் ஒரு மாதம் சும்மா பாருங்கள். நாங்கள் ஒருமுறை ஆர்வக்கோளாறில் கரையோரக் கோரையையும் சம்பையும் "களை" என்று அறுத்துத் தள்ளினோம். ஏரி பளிச்சென்று ஆனது, புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் தாழைக்கோழிகளைக் காணோம். அவற்றின் கூடு அந்தப் புதரில்தான் இருந்தது என்று, அங்கே மீன் பிடிக்கிற ஒரு பெரியவர் சொன்னார். எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலையே அம்மா" என்றார். பிளாஸ்டிக்கை எடுங்கள். செடியில் கை வைக்கும்முன் அங்கே பிழைக்கிறவர்களைக் கேளுங்கள்.

10. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத மரத்தை நடாதீர்கள்.

நூறு கன்று நட்ட விழாவுக்குப் போயிருக்கிறேன். மறுவருடம் அங்கே கூண்டுகள் மட்டும் நின்றன. மூன்று நடுங்கள், மூன்றுக்கும் எதிர்வீட்டில் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். புங்கை, பூவரசு, மகிழம், புன்னை போன்றவை இந்த மண்ணுக்குப் பழகியவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்ததற்குக் காற்று மட்டும் காரணமில்லை. வேரைச் சுற்றிச் சிமெண்ட் பூசி மூச்சை அடைத்து வைத்திருந்தோம். புதுக் கன்று நடுவதைவிட, உங்கள் தெருவில் இருக்கிற பழைய மரத்தின் அடியில் சிமெண்ட்டைப் பெயர்த்து ஒரு பாத்தி விடுவது பெரிய வேலை. அதற்கு மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

11. தூய்மைப் பணியாளரை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் கேளுங்கள்.

எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளி வருகிற பெண் ஒருநாள் அரை மணி நேரம் பேசினார். அன்று நான் கற்றது என் பன்னிரண்டு ஆண்டுப் பாடத்துக்குச் சமம். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே எழுதி, கையில் தனியாகக் கொடுக்க வேண்டும். நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு குறி போட வேண்டும். ஈரக் குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி முடிச்சுப் போட்டால், அந்த முடிச்சை அவர்தான் வெறும் கையால் அவிழ்க்கிறார். இதையெல்லாம் அவர் வாயால் கேட்டபிறகு எங்கள் அடுக்ககத்தில் முடிச்சுப் போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். சால்வை போர்த்தி அனுப்பாதீர்கள்.

பழைய பேப்பர் கடைக்காரரையும் கூப்பிடுங்கள். கழுவி உலர்த்திய பால் கவரை அவர் வாங்குவார். சிப்ஸ் பாக்கெட்டை வாங்க மாட்டார். உள்பக்கம் வெள்ளி போல மின்னி, கையில் கசக்கினால் சரசரத்து மறுபடி விரிகிறது என்றால் அது அவருக்கு வேண்டாத சரக்கு. இந்த ஒரு சோதனையைக் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

12. குழந்தைகளைப் போலீஸ்காரர்களாக ஆக்காதீர்கள். அம்மா பிளாஸ்டிக் பை வாங்கினால் வந்து சொல் என்று ஒரு தன்னார்வலர் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, அவரை அதோடு நிறுத்தச் சொன்னேன்.

13. கூட்டம் குறையும்.

எப்போதும் குறையும். இருபது பேரில் ஏழு பேர் கடைசி வரை வந்தால் அது நல்ல அணி. வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நோட்டில் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவேன். பானை இருக்கிறதா, அதில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பானையில் மணி பிளான்ட் வளர்ந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டு வருவேன். எங்கே தடுக்கியது என்று அவர்களே சொல்வார்கள். மாமியார் உடம்பு சரியில்லை, வீடு மாறினோம், காய்ந்த இலை தீர்ந்துவிட்டது. கடைசிக் காரணம் ஒன்றுக்கு மட்டும் நம்மால் மருந்து தர முடியும். எங்கள் அடுக்ககத்தில் மாசி, பங்குனியில் உதிரும் வேப்பிலையை எட்டுச் சாக்கு கட்டி வைக்கிறோம். ஆண்டு முழுக்க யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம்.

இலவசமாக நடத்துவதா, கட்டணமா என்று கேட்டீர்கள். ஐம்பது ரூபாய் வாங்குங்கள், முதல் உரத்தைக் கொண்டு வந்து காட்டுகிறவருக்குத் திருப்பிக் கொடுங்கள். என்னிடம் இன்னும் திருப்பித் தராத பணம் ஒரு டப்பாவில் இருக்கிறது. சாக்கும் துடைப்பமும் அதிலிருந்துதான் வாங்குகிறோம்.

14. உங்களுக்கும் களைப்பு வரும். அந்த வாரம் வகுப்பை விட்டுவிடுங்கள். பானையை விடாதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் புளித்த மோர் கொண்டு வாருங்கள், இலைச் சாக்கு இங்கேயே இருக்கிறது. தராசைக் கடைக்காரரிடமிருந்து யாராவது ஒருவர் வாங்கி வர வேண்டும், எட்டரைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என்னால் படி ஏற முடியாது. மாடி வகுப்பை உங்களில் ஒருவர் எடுங்கள், நான் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.